எடின்பரோ காசநோய் மருந்தகமும் சானடோரியங்களும்: ஒரு சேவை மதிப்பீடு

குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லாத காலத்தில் தொடங்கப்பட்ட ஒரு பொதுச் சேவையை, எத்தனை பேரைப் பிழைக்க வைத்தது என்ற கணக்கால் மட்டும் மதிப்பிடுவது நியாயமாகாது. காசநோய்க்கு எதிரான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய பிரிட்டனில் நோயாளிக்குக் கிடைத்தது என்ன, அது யாருக்குக் கிடைத்தது, செலவழித்த பணத்துக்கு ஈடாக இருந்ததா என்று பார்ப்பதே முறை. அப்படிப் பார்த்தால் எடின்பரோவின் மருந்தகத்துக்குத் தயங்காமல் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பராமரித்த சானடோரியத்துக்கு அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லை.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் 1882-இல் அறிவித்தார். அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 1887-இல், ராபர்ட் பிலிப் என்ற இளம் மருத்துவர் எடின்பரோவின் பேங்க் தெருவில் ஒரு சிறு குடியிருப்பில் விக்டோரியா மருந்தகத்தைத் திறந்தார். மருந்தகம் என்பது பெயர்தான். அங்கே புட்டியில் ஊற்றிக் கொடுத்ததைவிட மற்றவையே முக்கியம். நெஞ்சைச் சோதித்தார்கள், கோழையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள், பிறகு நோயாளியின் வீட்டுக்கே செவிலியை அனுப்பினார்கள். அந்த வீட்டில் எத்தனை பேர், யார் யாருடன் ஒரே படுக்கையில் உறங்குகிறார்கள், சன்னல் திறக்கிறதா, கோழையை எங்கே துப்புகிறார்கள் என்று அவர் விசாரித்து எழுதிக்கொள்வார். ஒருவருக்கு நோய் உறுதியானால் வீட்டிலுள்ள மற்றவர்களையும் வரவழைத்து வரிசையாகப் பரிசோதித்தார்கள். பிலிப் இதற்கு வைத்த பெயர் ‘அணிவகுப்பு’. நோய் முற்றிய பிறகு தானாக வருகிறவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நோயைத் தேடிப் போவதையே வேலையாக வைத்துக்கொண்ட இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. குறை என்று சொன்னால், சன்னலைத் திறந்துவையுங்கள், தனிப் படுக்கையில் படுங்கள் என்ற அறிவுரையெல்லாம் ஒற்றை அறையில் ஒண்டியிருந்த குடும்பத்துக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். செவிலியால் இன்னோர் அறையைக் கட்டிக்கொடுக்க முடியாதல்லவா!

அக்காலக் காசநோயாளியின் சட்டைப்பைக்குள் இருந்த ஒரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘நீல ஹென்றி’ என்று ஜெர்மனியில் அழைக்கப்பட்ட அந்தக் கோழைக் குப்பியை டெட்வைலர் என்ற மருத்துவர் 1889-இல் அறிமுகப்படுத்தினார். அடர்நீலக் கண்ணாடி என்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது; மூடியில் வில் இருந்ததால் ஒரு கையாலேயே திறந்து மூடலாம்; கழுவுவதற்கு அடிப்பாகத்தையும் திருகிக் கழற்றலாம். பயன்படுத்துகிறவரின் கூச்சத்தையும் சுத்தம் செய்கிறவரின் சிரமத்தையும் ஒருசேர எண்ணிப்பார்த்துச் செய்த பொருள் அது. ஆனாலும் அதை வெளியே எடுத்த கணமே பக்கத்தில் இருப்பவருக்கு நோய் தெரிந்துவிடும் என்பதால், பொது இடத்தில் எடுக்கப் பலருக்குக் கை வந்திராது.

இனி அரசுத் திட்டம். 1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டப்படி ஆண் தொழிலாளி வாரத்துக்கு 4 பென்னியும் முதலாளி 3 பென்னியும் அரசு 2 பென்னியும் செலுத்த வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைத்த நலன்களில் ஒன்று, 1912 ஜூலையில் தொடங்கிய ‘சானடோரிய நலன்’. கட்டடங்களுக்கென்று 15 லட்சம் பவுண்டும் ஒதுக்கப்பட்டது. பெரிய குறை இதில்தான் இருக்கிறது. காப்பீடு தொழிலாளியின் பெயரில் இருந்ததால், அவரோடு ஒரே அறையில் உறங்கிய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நலன் உரிமையாகக் கிடைக்கவில்லை. எடின்பரோவின் அணிவகுப்பு குடும்பத்தை ஒரே நோயாளியாகப் பார்த்தது என்றால், இந்தச் சட்டம் சந்தா அட்டை வைத்திருந்தவரை மட்டும் பார்த்தது. பெயரில் வேறு சானடோரியம் என்று இருந்துவிட்டதால், சந்தா கட்டிய ஒவ்வொருவரும் ஒரு படுக்கையை எதிர்பார்த்ததில் வியப்பில்லை. அத்தனை படுக்கைகள்தான் இல்லை.

படுக்கை கிடைத்தவர்கள் அனுபவித்தது இடத்துக்கு இடம் வேறுபட்டது. இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் ஓய்வுக்குப் பதிலாக உழைப்பையே படிப்படியான சிகிச்சையாக்கினார். முதலில் நடை, அது நாளொன்றுக்குப் பத்து மைல் வரை உயரும்; பிறகு கூடையில் மண் சுமப்பது; அடுத்துச் சிறிய மண்வாரி, பெரிய மண்வாரி, கடைசியில் கடப்பாறைக்கோடரி. உழைப்பு உடலுக்குள்ளேயே நோயெதிர்ப்பைத் தூண்டும் என்பது அவர் கருத்து. அந்தக் கருத்து பின்னாளில் நிலைக்கவில்லை. ஆயினும் வேலைக்குத் திரும்ப வேண்டிய மனிதரை மாதக்கணக்கில் சாய்வு நாற்காலியில் கிடத்துவதைவிட அது அவர் வாழ்க்கைக்கு நெருக்கமாக இருந்தது என்பேன். வாரியர்-ஜோன்ஸ் என்ற மருத்துவர் 1918-இல் இங்கிலாந்தின் பாப்வொர்த்தில் வளர்க்கத் தொடங்கிய காசநோயாளிகள் குடியிருப்பு இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளிக்குப் பட்டறையில் கூலி வேலையும் குடும்பத்தோடு தங்க வீடும் கொடுத்தது. மற்ற இடங்களில் தேறியவர் புறப்பட்டு வந்த அதே இருட்டறைக்கும் அதே தொழிற்சாலைக்கும் திரும்பினார். அங்கே எடை கூடியவர் இங்கே மறுபடியும் இருமத் தொடங்கினால் அதற்குச் சானடோரியத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

1921-ஆம் ஆண்டின் காசநோய்ச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிகிச்சைப் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. சந்தா அட்டை தேவைப்படாததால் மனைவிக்கும் பிள்ளைக்கும் அப்போதுதான் முறையாகக் கதவு திறந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிலிப்பே 1894-இல் மருத்துவமனையும் 1910-இல் பண்ணைக் குடியிருப்பும் தொடங்கியவர்தான். மருந்தகம் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. வீடா, சானடோரியமா என்ற கேள்வி தீர்ந்தது மருந்துகள் வந்த பிறகு, நம் சென்னையில். 1959-இல் வெளியான ஆய்வில் ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினருக்கு நெரிசலான வீடுகளிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே பலன். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, முன்னறிவிப்பின்றிக் கதவைத் தட்டி மிச்சமிருந்த மருந்தை எண்ணிப் பார்த்தார்கள்.