பக்கவாதம்: இடது மூளையா, வலது மூளையா?
மூளையின் இடது பாதி பாதிக்கப்பட்டால் வலது கை, கால் தளரும். பலருக்குப் பேச்சும் சிக்கலாகும். தண்ணீர் வேண்டும் என்று மனதில் தெளிவாக இருக்கும், வாயில் வேறு சொல் வரும். இது அறிவுக் குறைவு இல்லை. தயவுசெய்து குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாதீர்கள்.

வலது பாதி என்றால் பேச்சு பெரும்பாலும் தப்பிவிடும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். ஆனால் சிலருக்கு இடப்பக்கமே கவனத்தில் இருக்காது. தட்டில் வலது பாதி மட்டும் காலியாகும். சட்டையின் இடது கை மாட்டப்படாமல் தொங்கும். கதவு நிலையில் இடது தோள் இடிக்கும். கால் தளர்ந்ததே உணராமல் எழுந்து நடக்கப்போய் விழுபவர்களும் உண்டு. எனக்கு அதிகக் கவலை இவர்களைப் பற்றித்தான்.

அப்புறம், களைப்பும் மனச்சோர்வும் இரண்டிலும் வரும், மாதக்கணக்கில் நீடிக்கலாம். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.