ஃபின்ஸ் போட்டால் கால் விறைத்தது: மூன்று பருவம் பாவித்த பிறகு

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுவது என் வேலை. வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்தபின், ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை பெரும்பாலும் நாளுக்கு இரண்டு தரம் தண்ணீருக்குள் இறங்குவேன். காலில் மாட்டுவது குதிக்கால் பக்கம் திறந்த ஃபின்ஸ், அதாவது நீந்துவதற்கான றப்பர்த் துடுப்பு. அதற்குள் 5 மில்லிமீற்றர் தடித்த நியோப்ரீன் (நுரை றப்பர்) பூட்ஸ். இரண்டையும் ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரரிடம் மலிவாக வாங்கியிருந்தேன்.

முதல் பருவம் முழுக்க வலது கால் என்னைப் படாதபாடு படுத்தியது. கால் மணித்தியாலத்துக்குள் பெருவிரலும் அடுத்த விரலும் விறைக்கத் தொடங்கும். அரை மணித்தியாலத்தில் விரல் இருக்கிறதா என்றே தெரியாது. வள்ளத்தில் ஏறிப் பூட்ஸைக் கழற்றினால் புறங்காலின் குறுக்கே சிவப்பாய் ஒரு கோடு கிடக்கும். ஐந்து நிமிடத்தில் ஊசி குத்துவதுபோல உணர்ச்சி திரும்பும்.

பூட்ஸ் சின்னது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி ஒரு அளவு பெரியது வாங்கினேன். காசுதான் போனது. குதிக்கால் உள்ளே வழுக்கித் தோல் உரிந்தது. உதைக்கும்போதெல்லாம் ஃபின்ஸ் ஆடியதால் பின்வாரை இன்னும் இழுத்துக் கட்டினேன். விறைப்பு முன்னையதைவிடச் சீக்கிரம் வந்தது. பழைய பூட்ஸுக்கே திரும்பினேன்.

வழி காட்டியது சுவிஸில் இருக்கிற அத்தான். அவர் பனிச்சறுக்குப் போகிறவர். அந்தச் சப்பாத்துக்கு வெளியே கடினமான பிளாஸ்ரிக் ஓடு, உள்ளே நுரையாலான உள்ளுறை. உள்ளுறை இறுக்கினால் அவர்களுக்கும் இதே விறைப்புத்தான். உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் தொட நின்றுகொண்டு, குதிக்காலுக்குப் பின்னால் 1 முதல் 2 சென்ரிமீற்றர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். பிறகு நோகிற இடத்தில் லிப்ஸ்டிக் பூசி, அது உள்ளே எங்கே ஒட்டுகிறது என்று கண்டுபிடிப்பார்களாம். "உனக்கு நீளம் காணும் தம்பி, புறங்காலுக்கு மேலேதான் இடமில்லை. முதல்ல வெறுங்காலை விட்டுப் பார்," என்றார்.

அன்றிரவே பார்த்தேன். வெறுங்காலை ஃபின்ஸுக்குள் விட்டால் புறங்காலுக்கும் றப்பருக்கும் இடையில் சுண்டுவிரல்கூட முழுதாக நுழையவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் 5 மில்லிமீற்றர் தடிப்பை இவ்வளவு நாளும் திணித்திருக்கிறேன். பிறகு பூட்ஸின் மேல் மனைவியின் லிப்ஸ்டிக்கைப் பூசி, ஃபின்ஸை மாட்டி வாரை இழுத்துக்கொண்டு காலை நீட்டி இருந்தேன். மனைவி ஃபின்ஸின் தகட்டை உள்ளங்கால் பக்கமாக அழுத்தினார். கழற்றிப் பார்த்தால், கால் நுழைகிற வாயின் மேல் விளிம்பில் பெருவிரல் பக்கமாக ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு. வேறெங்கும் ஒட்டவில்லை.

காரணம் அந்த விளிம்புதான். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உணர்ச்சி தரும் நரம்பு புறங்காலில் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. பக்கத்திலேயே இரத்தக்குழாய், விரல் வைத்தால் நாடி தெரியும். வாரை இறுக்க இறுக்கக் கால் ஒடுங்கிய வாய்க்குள் ஆப்பு மாதிரி ஏறி, விளிம்பு அந்த நரம்பின்மேல் அமர்கிறது. ஆழத்தில் விறைப்புக் குறைவாகவும் மேலே நீந்தும்போது கூடவும் இருந்தது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நியோப்ரீனுக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள் சுருங்கிப் பூட்ஸ் மெலிந்துவிடும்.

செய்தது மூன்று வேலை. வாரை இரண்டு பல்லுத் தளர்த்தினேன். 3 மில்லிமீற்றர் பூட்ஸ் வாங்கினேன். நம் கடலின் சூட்டுக்கு அது தாராளம். சிவப்பு ஒட்டிய விளிம்பை வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, சாண்ட் பேப்பரால் மழுக்கினேன். ராவியது 3 மில்லிமீற்றர் இருக்கும். ஒரேயடியாக வெட்டாதீர்கள், றப்பர் அங்கிருந்தே கிழியத் தொடங்கும். பனிச்சறுக்கு உள்ளுறைகளைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்கு அமர்த்துவதுண்டு. அதைப் பார்த்து நியோப்ரீனைச் சூடாக்க வேண்டாம், தையலில் உள்ள பசை விட்டுவிடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். சிலிண்டரோடு சுழியோடுகிறவர்களுக்கு, மேலே வந்த பிறகு தொடங்குகிற விறைப்பும், பூட்ஸைக் கழற்றியும் போகாத விறைப்பும் அழுத்தநோயின் (ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்புக்குள் வாயுக் குமிழ்கள் உண்டாவதால் வருவது) அறிகுறியாக இருக்கலாம். மூட்டுநோவு, தலைச்சுற்று, கால் பலமின்மை சேர்ந்தால் பூட்ஸை ஆராய்ந்துகொண்டிருக்காமல் ஒட்சிசன் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சலரோகம் உள்ளவர்களும் விறைப்பைச் சப்பாத்தின் மேல் மட்டும் போடக்கூடாது.

திருத்தியபின் இரண்டு பருவம் ஓடிவிட்டது. ஒரு மணித்தியாலம் நீந்தினாலும் விரல்களை அசைக்க முடிகிறது. ராவிய விளிம்பில் வெடிப்பில்லை. மெல்லிய பூட்ஸின் அடி மட்டும், புறாத்தீவுக் கரையில் குவிந்து கிடக்கும் செத்த பவளத்தில் நடந்து நடந்து, குதிக்கால் பக்கம் தேய்ந்துவிட்டது. அடுத்த சோடியும் 3 மில்லிமீற்றர்தான் எடுப்பேன், அடி தடித்ததாகப் பார்த்து.