மேனுவலில் 0டபிள்யூ-20, கையில் 5டபிள்யூ-30: ஊற்றலாமா?

"இந்த 0டபிள்யூ-20 எல்லாம் தண்ணி மாதிரி இருக்கும் சார். கொஞ்சம் கட்டியா ஊத்திடுவோம், இன்ஜினுக்கு நல்லது." ஆயில் மாற்றப் போன இடத்தில் இதைக் கேட்காத கார்க்காரர் குறைவு. நானும் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை தலையாட்டியும் இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் மேனுவலை எடுத்து அந்தப் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்த எண்கள். டபிள்யூ என்றால் வெயிட் என்று பலர் நினைக்கிறார்கள், அது விண்டர். வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்ஏஇ-யின் ஜே300 என்ற தர அட்டவணைப்படி, முன்னால் இருக்கும் எண் குளிரில் நடக்கும் சோதனைக்கானது. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரி செல்சியஸில் இன்ஜினைச் சுழல விட வேண்டும், 5டபிள்யூ மைனஸ் 30-இல், 15டபிள்யூ மைனஸ் 20-இல். பின்னால் வரும் எண் சூட்டுக்கானது. கெட்டித்தன்மையை அளக்கும் அலகு சென்டிஸ்டோக்ஸ், எண் கூடினால் ஆயில் கெட்டி. 100 டிகிரியில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை இருந்தால் 20, அங்கிருந்து 12.5 வரை 30, 16.3 வரை 40, 21.9 வரை 50. எல்லைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைக் கவனியுங்கள். 9.2 இருக்கும் ஒரு '20' ஆயிலுக்கும் 9.4 இருக்கும் ஒரு '30' ஆயிலுக்கும் இன்ஜினுக்குள் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் அந்தத் 'தண்ணி' கதை. டப்பாவைச் சாய்க்கும்போது நாம் பார்ப்பது ஆறிப்போன ஆயிலை. 40 டிகிரியில் ஒரு 0டபிள்யூ-20 ஆயில் ஏறக்குறைய 45 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். நன்றாகச் சூடேறிய இன்ஜினில் ஓடும் 20டபிள்யூ-50 சுமார் 18-தான். அதாவது காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில், நாம் தண்ணி என்று திட்டும் ஆயில், சூடான இன்ஜினில் இருக்கும் கட்டி ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுப் பக்கம் ஒரு 'டிக் டிக்' சத்தம் கேட்டு, ஓரிரு விநாடியில் அடங்குமே, ஆயில் இன்னும் அங்கே போய்ச் சேராத நேரம் அது. முன் எண் பெரிதாகப் பெரிதாக, குளிர்ந்த இன்ஜினில் அந்த நேரம் நீளும்.

இப்போது 0டபிள்யூ-20-ஐயும் 5டபிள்யூ-30-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். உண்மையான சண்டை இங்கேதான்.

0டபிள்யூ-20-இன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆயில் பம்ப்புக்கு இழுவை குறைவு, பிஸ்டன் வழுக்கிப் போகிறது, மைலேஜில் ஒன்றிரண்டு சதவீதம் கூடுகிறது. ஓட்டுபவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் லட்சக்கணக்கில் வண்டி விற்று, எரிபொருள் சிக்கன விதிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்துக்கு அது பெரிய தொகை. மெல்லிய ஆயிலைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அது இன்ஜினைக் கொல்லும் சதி என்பதும் கிடையாது. பம்ப்பின் அளவு, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங், வால்வு டைமிங்கை மாற்றும் சோலனாய்டு என்ற மின்வால்வு எல்லாம் அந்த ஆயிலை வைத்துச் சோதித்துத்தான் வெளியே வருகின்றன.

5டபிள்யூ-30 தருவது சூட்டில் கொஞ்சம் தடித்த படலம். 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்கும்போது மிஞ்சும் கெட்டித்தன்மையை அளக்க எச்டிஎச்எஸ் என்று ஓர் எண் உண்டு. 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30-க்கு 2.9, 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 வகைக்கு 3.5. பேரிங்குக்கு நெருக்கமான எண் இதுதான், ஆனால் டப்பாவில் இதைப் போட மாட்டார்கள், தயாரிப்பாளரின் தகவல் தாளில்தான் தேட வேண்டும். நாள் முழுக்க அதிவேகச் சாலையில் ஓட்டுபவர், பாரம் ஏற்றி மலை ஏறுபவர், பின்னால் டிரெய்லர் இழுப்பவர் ஆகியோருக்கு இந்தக் கூடுதல் தடிமன் வேலைக்கு ஆகும். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜினில் தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் போய் வருபவருக்கும் ஆகும், ஏனென்றால் எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை இன்னும் மெலிதாக்குகிறது.

டொயோட்டாவின் பல மேனுவல்களில் இதற்கு இடம் விட்டே எழுதியிருக்கிறார்கள். 0டபிள்யூ-20-ஐப் பரிந்துரைத்துவிட்டு, அதிவேகத்திலோ கடும் சுமையிலோ ஓட்டினால் அதைவிடக் கெட்டியான ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று அடுத்த சில வரிகளில் சொல்கிறார்கள். அந்த வரிவரை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு உதாரணம் ஜெனரல் மோட்டார்ஸ். 2025 ஏப்ரலில் அவர்கள் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட பெரிய பிக்கப், எஸ்யூவி வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கோளாறு கிராங்க்‌ஷாஃப்ட், கனெக்டிங் ராடு தயாரிப்பில். பரிசோதனையில் தேறிய இன்ஜின்களுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? 0டபிள்யூ-20-ஐ எடுத்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றி, ஆயில் ஊற்றும் மூடியையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஆயில் குற்றவாளி என்பதற்கு இது சான்று ஆகாது. ஆனால் பேரிங்குக்குக் கூடுதல் காப்பு வேண்டும் என்றபோது அவர்கள் தொட்டது பின் எண்ணை மட்டும். முன்னால் இருந்த 0 அப்படியே இருக்கிறது.

அதனால்தான் "கட்டியா ஊத்திடுவோம்" என்று 20டபிள்யூ-50 டப்பாவை எடுப்பவரிடம் எனக்கு ஒத்துப்போவதில்லை. அவர் இரண்டு எண்ணையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறார். குளிர்ந்த இன்ஜினில் அவ்வளவு கெட்டியான ஆயிலைத் தள்ளும்போது பம்ப்பின் அழுத்த வால்வு திறந்து, ஒரு பங்கு ஆயில் அடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்கே திரும்பிவிடும். ஃபில்டரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வழியும் திறந்தால் வடிகட்டாத ஆயில்தான் மேலே போகும். சோலனாய்டு முன்னால் இருக்கும் மெல்லிய சல்லடையிலும் இழுபறி, கேம் டைமிங் சொன்ன நேரத்துக்கு நகராது, சில வண்டிகளில் இன்ஜின் விளக்கு எரியும். பிரஷர் மீட்டரில் எண் உயர்ந்து நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் உண்டு. குழாயில் அடைப்பு இருந்தாலும் அழுத்தம் ஏறத்தான் செய்யும்.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கட்டி ஆயில்தான்" என்பதும் பாதி உண்மைதான். தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரி வாக்கில் பிடித்து வைக்கிறது. வெளியே 20 டிகிரியா 40 டிகிரியா என்பது ஓடும் இன்ஜினின் ஆயில் சூட்டைக் கொஞ்சம்தான் மாற்றும். ஆயிலை உண்மையில் கொதிக்க வைப்பது சுமை, வேகம், டர்போ. வெயில் ஊர்க்காரருக்கு உள்ள ஒரே சலுகை, 0டபிள்யூவுக்குப் பதில் 5டபிள்யூ போட்டால் பெரிதாக இழப்பு எதுவும் இல்லை என்பதுதான்.

எதிர்த் திசையில் போவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மேனுவல் 5டபிள்யூ-40 கேட்கும் வண்டியில் மைலேஜுக்காக 0டபிள்யூ-20 ஊற்றாதீர்கள். எச்டிஎச்எஸ் 3.5-இலிருந்து 2.6-க்கு இறங்குகிறது. கெட்டி ஆயில் பெட்ரோலைத் தின்னும், மெல்லிய ஆயில் பேரிங்கைத் தின்னும்.

கிரேடைப் பற்றி இவ்வளவு அடித்துக்கொள்ளும் நாம், அதைவிடப் பெரிய ஒன்றைப் படிக்காமல் விடுகிறோம்: தரக் குறியீடு. இரண்டு 5டபிள்யூ-30 டப்பாக்கள், எண்ணில் அச்சு அசலாக ஒன்று. ஒன்றின் பின்பக்கம் ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் எஸ்பி தரம், மற்றதில் ஏசிஇஏ என்ற ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் சி3 தரம். சி3 என்றால் எச்டிஎச்எஸ் 3.5-க்குக் குறையக் கூடாது, எரிந்தால் மிஞ்சும் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதே 30 கிரேடில் ஏசிஇஏ-யின் ஏ3/பி4 தர ஆயிலும் கிடைக்கும், அதில் சாம்பல் 1.6 வரை போகலாம். புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வைத்த டீசல் வண்டியில் அதை ஊற்றினால் அந்தச் சாம்பல் ஃபில்டரில் போய் உட்காரும். கரியை எரித்து விரட்டலாம், சாம்பலை எரிக்க முடியாது. டர்போ பெட்ரோல் இன்ஜினில் பிரச்சினை வேறு விதம். குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கலாம். அதற்கான சோதனையும் டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் 2020-இல் வந்த எஸ்பி தரத்தில் உண்டு. சரியான கிரேடில் தவறான தரத்தைவிட, சரியான தரத்தில் ஒரு படி தள்ளிய கிரேடு எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

பழைய வண்டிக்கு வருவோம். ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் இறங்குகிறது என்றால் 30-இலிருந்து 40-க்குப் போவதில் தப்பில்லை, மேனுவல் அட்டவணையிலேயே 40 இருக்கும் வாய்ப்பும் உண்டு. புகை குறையும், சத்தம் அடங்கும். தேய்ந்த பிஸ்டன் ரிங் மட்டும் தேய்ந்தபடியேதான் இருக்கும். விற்பதற்கு முந்தின வாரம் கட்டி ஆயில் ஊற்றி வைப்பது ஒரு பழைய தந்திரம், அதனால் பழைய கார் வாங்கப் போகிறவர் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலை விரலில் தேய்த்துப் பார்ப்பதோடு கடைசியாக எந்தக் கிரேடு போட்டார்கள் என்றும் கேட்கட்டும்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், வாரண்டி இருந்தவரை மேனுவல் சொன்ன 0டபிள்யூ-20, பில்லோடு. அது முடிந்ததும் நெடுந்தூரம் அதிகம் ஓட்டுவதால் 5டபிள்யூ-30, அதே எஸ்பி தரத்தில். வழியில் ஆயில் குறைந்து, டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது, கிடைப்பது 10டபிள்யூ-40 மட்டும் என்றால் யோசிக்காமல் அதையே அரை லிட்டர் ஊற்றிவிடுவேன். வேறு கிரேடு கலந்து ஓடுவதை இன்ஜின் பொறுத்துக்கொள்ளும், ஆயில் இல்லாமல் ஓடுவதைப் பொறுக்காது. அடுத்த சர்வீஸில் வடித்துவிட்டு மறுபடி சரியானதைப் போட்டுக்கொள்ளலாம்.