பாப்பாவின் முதல் வருடத்தை எதிலெல்லாம் வைத்தோம்: ஆறு வருட அனுபவம்

என் மகள் பிறந்தது 2019 ஆகஸ்டில், நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அதே வாரம். அவளுடைய முதல் ஒன்றரை வருடப் படங்கள் மூவாயிரத்துக்குக் குறையாமல் என் போனில் இருந்தன. 2021-ல் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. பேக்கப் "வைஃபை இருந்தால் மட்டும்" என்று வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு வைஃபை வந்ததோ 2022-ல். அரிசி டின்னுக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தோம். கடைக்காரர் போர்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒறம்பரை சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நூற்றுச் சொச்சம் படங்கள்தான் திரும்பக் கிடைத்தன, அதுவும் தரம் குறைந்து.

போனுக்கு வெளியே நாங்கள் என்னென்ன வைத்திருந்தோம், ஆறு வருடத்தில் அவை எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்கிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். சாம்பிளைத் துவைத்துச் சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்ப்பதே பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்தேன்.

முதலில் கெட்டுப்போனவை. ஐந்தாம் மாத ஸ்கேன் படத்தைப் பத்திரப்படுத்துகிறேன் என்று ஜெராக்ஸ் கடையில் லேமினேஷனுக்குக் கொடுத்தேன். அது தெர்மல் தாள் என்று அப்போது தெரியாது. ஏடிஎம் சீட்டு மாதிரி, சூடு பட்டால் கறுக்கும் ரகம். மெஷினுக்குள் போன படம் மறுபக்கம் கரும்பலகையாக வந்தது. கடைப் பையன் என்னைவிடப் பயந்துவிட்டான். பைலில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த இன்னொரு படம் மூன்று வருடத்தில் தானாகவே வெளிறிவிட்டது. வாங்கிய அன்றே ஸ்கேன் செய்து போட்டோத் தாளில் பிரிண்ட் போட்டிருந்தால் தப்பியிருக்கும்.

பிறந்த நாளன்று அப்பா வாங்கி வைத்த செய்தித்தாளில் முதல் பக்கம் முழுக்க மழையும் பவானி ஆற்று வெள்ளமும்தான். இப்போது அது டீத்தண்ணி நிறத்தில், மடித்த இடமெல்லாம் விரிசலோடு கிடக்கிறது. செய்தித்தாள் காகிதத்தில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்துவிடும். நல்ல தாளில் ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். மூலத்தைத் தூக்கிப்போட அப்பா விடவில்லை.

கை கால் அச்சு விஷயம் கொஞ்சம் பெரியது. ஆன்லைனில் கிட் ஆயிரத்துச் சொச்சம் ஆனது. அதில் இரண்டு பொடி. ஒன்று ஆல்ஜினேட், கடற்பாசியிலிருந்து எடுப்பது. பல் டாக்டர் அச்செடுப்பதும் இதில்தான். அதைத் தண்ணீரில் கலக்கிக் குழந்தையின் காலை வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் கெட்டித் தயிர் போல இறுகும். காலை உருவிவிட்டு அந்தக் குழிக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்ற வேண்டும். பாப்பாவுக்கு நாற்பது நாள் இருக்கும்போது சோமனூரில் அம்மா வீட்டில் செய்தோம்.

"பச்சத் தண்ணியில கால வெச்சா புள்ளைக்குச் சளி புடிச்சுக்குங் கண்ணு" என்று அம்மா வெந்நீரை விளாவிக் கொடுத்தார். சூடான தண்ணீரில் ஆல்ஜினேட் வேகமாக இறுகும் என்று அட்டையில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. கலக்கிக்கொண்டிருக்கும்போதே கட்டியாகிவிட்டது. ஒரு பாக்கெட் வீண். அடுத்ததைச் சாதாரணத் தண்ணீரில் கலக்கி, பால் குடித்துத் தூங்கியதும் காலை வைத்தோம். நகம்கூடத் தெரிகிற அளவுக்கு அச்சு வந்தது. கைதான் முஷ்டியாகவே வந்தது. பிறந்த குழந்தை உள்ளங்கையில் எது பட்டாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அது ஐந்தாறு மாதம் வரை இருக்கும். விரித்த கை வேண்டுமென்று விரலை நெம்பாதீர்கள். பிளாஸ்டர் இறுகும்போது நன்றாகவே சுடும், அதைக் குழந்தையின் தோலில் நேரடியாகப் பூசவே கூடாது. ஆல்ஜினேட் அச்சு காயக் காயச் சுருங்கும் என்பதால் பிளாஸ்டரை உடனே ஊற்றிவிட வேண்டும்.

என் அவசரம், இரண்டாம் நாளே தங்கப் பெயின்ட் அடித்தேன். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. ஐப்பசி மழையில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளையாகவே விட்டேன், பார்க்க அதுதான் அழகு. 2023-ல் வீடு மாறும்போது சுண்டுவிரல் உடைந்து ஃபெவிகால் போட்டு ஒட்டியிருக்கிறது. மற்றபடி குறையில்லை. காசு கொடுத்து வாங்கியதில் மறுபடி வாங்குவேன் என்றால் இது ஒன்றைத்தான்.

தொப்புள்கொடி ஒன்பதாம் நாள் விழுந்தது. நன்றாகக் காயவைத்து, ஆசாரியிடம் கொடுத்து வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து அரக்கு வைத்து அரணாக்கயிற்றில் கட்டினோம். கயிறு எத்தனையோ மாற்றியாயிற்று, தாயத்து கறுத்துப்போய் அப்படியே பீரோவில் இருக்கிறது. முடி கிடைக்கவில்லை. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டபோது ஒரு கொத்தை எடுத்து வைக்கிறேன் என்றேன். என் மாமியார் விடவில்லை. "சாமிக்குன்னு நேந்ததுல நாம பங்கு கேக்கறதா?" இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது, ஆனாலும் அந்தச் செம்பட்டை முடியின் நிறம் எனக்கு மறந்துவிட்டது.

பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பம் வேண்டவே வேண்டாம், பசை காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்தையும் பிடித்துக்கொள்ளும். என் பெற்றோர் கல்யாண ஆல்பத்தில் அதைப் பார்த்தும் திருந்தாமல் நானும் ஒன்று வாங்கினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாய் சேய் நல அட்டையோ கிழிந்து, டேப் ஒட்டி, எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. ஆனால் மாதாமாதம் நர்ஸ் கையால் எழுதிய எடை அதில்தான் இருக்கிறது. 2.8, 3.6, 4.5. எந்த அலங்கார 'பேபி புக்'கையும் நான் மூன்று மாதத்துக்கு மேல் நிரப்பியதில்லை.

அடுத்தது துணி. சின்னதாகிப்போன சட்டைகளை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அந்துருண்டை போடவில்லை. நாப்தலீன் சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வேப்பிலை போட்டேன். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால், துவைக்கும்போது கண்ணுக்கே தெரியாத பால்கறையெல்லாம் மஞ்சள் மஞ்சளாக வெளியே வந்திருந்தது. கறையில்லாத பாகங்களை ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டி, 42 துண்டு சேர்த்து, பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவிடம் போர்வை தைக்கச் சொன்னேன். பனியன் துணியை வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும், இழுத்தால் இழுத்த பக்கம் நீளும். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் கேன்வாஸ் வைத்து அயர்ன் செய்து ஒட்டிய பிறகே தைக்க முடிந்தது. அடிப்பக்கத்துக்கு அப்பா தறியில் ஓடிய காடாத் துணி, வெளுக்காமல் தறியிலிருந்து வந்தபடியே இருக்கும் துணி.

சுருக்கம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், காடாவை நனைத்துக் காயப்போடாமல் அப்படியே தைக்கக் கொடுத்தேன். முதல் துவைப்பிலேயே காடா சுருங்கி மேல்பக்கம் முழுக்கக் கொசகொசவென்று ஆகிவிட்டது. கம்பெனியில் என்றால் அந்தப் பீஸை ரிஜெக்ட் செய்திருப்பேன். பாப்பா நாலு வருடமாக அதைத்தான் போர்த்துகிறாள். ஊருக்குப் போனாலும் பையில் முதலில் அது. எந்தத் துண்டு எந்தச் சட்டை என்று கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

கடைசியாக, நான் திட்டமே போடாத ஒன்று. 2019 நவம்பரில் பாப்பாவுக்கு விக்கல். "இதைக் கேளுங்க" என்று திருப்பூரில் இருந்த என் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி. போன் போன பிறகு அவர் போனில் பழைய மெசேஜைத் தேடும்போது அகப்பட்டது. விக்கல், அம்மாவின் "ஆராரோ", தறிக் கொட்டகையிலிருந்து அப்பா "நாடாவ எங்க வெச்ச?" என்று கத்துவது (தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடுவதுதான் நாடா). இதற்கெல்லாம் அடியில் விடாமல் தறிச் சத்தம். அந்தச் சத்தத்திலேதான் அவள் தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றால் உடனே முழிப்பாள். பதிவின் முடிவில் அதுவும் இருக்கிறது. தறி நிற்கிறது, இரண்டு நொடி ஒன்றுமில்லை, பிறகு வீல் என்று ஒரு அழுகை.

2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு இந்தப் பக்கத்து விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அதற்கப்புறம் அப்பாவுக்குச் சரியாக ஓடவில்லை. ஆறு தறியில் நாலை எடைக்குப் போட்டார். மிச்சம் இரண்டும் பாவு, அதாவது நெய்ய வேண்டிய நீள நூல், கிடைத்தால் ஓடும். அந்தப் பதிவைக் கேட்டால் "இது மூணாவது தறி, பிக்கர் தேஞ்ச சத்தம்" என்கிறார். நாடாவை அடித்துத் தள்ளும் பாகம்தான் பிக்கர். ஓபஸ் என்ற ஒலி வடிவத்தில் இருந்த பதிவை எம்பி3-யாக மாற்றி, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மெயிலில் ஒன்று, தம்பி வீட்டில் பென் டிரைவில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். பென் டிரைவை வருடத்துக்கு ஒருமுறை சொருகித் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவன் செய்வானா என்பது வேறு விஷயம்.

தம்பி சம்சாரத்துக்குத் தை மாதம் பிரசவம். அவளுக்கென்று அச்சு கிட் ஒன்று மட்டும் வாங்கியிருக்கிறேன், பொடி பழசாகிவிடாமல் தேதி பார்த்து. சாதாரணத் தண்ணீர் என்று டப்பா மேலேயே மார்க்கரில் எழுதி, அம்மா கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.