சிங்கப்பூரா, துபாயா: எங்கே செலவு கடிக்கும்?

கோவை பீளமேட்டில் விமானம் ஏறினால் சிங்கப்பூருக்கும் நேரே போகலாம், துபாய்க்குப் பக்கத்தில் இருக்கும் ஷார்ஜாவுக்கும் நேரே போகலாம். காசு கரையும் விதம்தான் வேறு.

சிங்கப்பூரில் நிலம் குறைவு. உள்ளூர்க்காரர்களில் பெரும்பாலோர் அரசு அடுக்குமாடிகளில் சொந்த வீடு வைத்திருக்கிறார்கள். வேலை அனுமதியில் போகிறவர் அதை வாங்க முடியாது, வாடகைதான். கார் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். 10 வருட உரிமச் சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய காருக்கே அது 1 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. கார் விலை தனி! நல்லவேளை, ரயிலும் பஸ்ஸும் அருமை.

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து போகிறவரை இழுப்பது அதுதான். ஆனால் வருட வாடகையைச் சில காசோலைகளில் முன்கூட்டியே கேட்பார்கள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தனியார் பள்ளிதான். அங்குள்ள நாணயமான திர்ஹாம் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டது. டாலர் ஏறினால் ரூபாய்க் கணக்கில் செலவும் ஏறும், ஊருக்கு அனுப்பும் பணமும் ஏறும்.

மெர்சர் நிறுவனத்தின் 2024 பட்டியலில் வெளிநாட்டு ஊழியருக்குச் செலவு மிக்க நகரங்களில் சிங்கப்பூர் இரண்டாவது, துபாய் அதற்குக் கீழே. தனியாள் என்றால் நான் சிங்கப்பூரையே சொல்வேன், அறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் என்றால். குடும்பத்தோடு என்றால் துபாய், அதுவும் பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி ஏற்றால் மட்டும்.