அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சை: மருத்துவமனையிலா, தனி மையத்திலா?

கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு அன்றே வீடு திரும்ப இரண்டு வழிகள் உண்டு: மருத்துவமனையோடு இணைந்த பகல்நேர அறுவைப் பிரிவு, அல்லது தனித்து இயங்கும் அறுவை சிகிச்சை மையம். எல்லாம் சரியாக நடக்கும் நாளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆகவே, நிலைமை கைமீறத் தொடங்கும்போது முதல் பத்து நிமிடங்களில் யார், எதைக் கொண்டு, என்ன செய்வார்கள் என்பதை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனையின் பலம் வெளிப்படையானது. ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு, கூப்பிட்டால் ஓடிவர இன்னொரு மயக்கவியல் மருத்துவர் என எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும். தனி மையத்திலோ, ஆம்புலன்ஸ் வந்து நோயாளியை ஏற்றிச் செல்லும் வரை அங்கிருக்கும் நான்கைந்து பேர்தான் கதி.

இதன் பொருளை, மயக்க மருந்துகளால் அரிதாக நேரும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்ற உயிராபத்தான எதிர்வினையில் தெளிவாகக் காணலாம். பிறவியிலேயே இதற்கான கூறு உள்ளவருக்கு செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவோ தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தோ கொடுத்தால் தசைகள் விறைக்கும். வெளிமூச்சில் கரியமில வாயு ஏறும். உடல் வெப்பம் கிடுகிடுவென உயரும். இதற்கான மருந்து டேன்ட்ரோலின் ஒன்றே. முதல் தவணை கிலோவுக்கு 2.5 மி.கி. என்பதால், 70 கிலோ எடையுள்ளவருக்கு 20 மி.கி. குப்பிகள் ஒன்பது தேவை. எளிதில் கரையாத அந்தத் தூளை, குப்பிக்கு 60 மி.லி. வீதம் நுண்ணுயிர் நீக்கிய நீர் விட்டுக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கே இரண்டு பேர் போய்விடுவார்கள். 250 மி.கி. அளவிலான புதிய குப்பிக்கு 5 மி.லி. நீர் போதும். ஆள் குறைந்த தனி மையம் புதியதையே வாங்கி வைப்பது நல்லது.

ஆனால் மருத்துவமனை என்றாலே பாதுகாப்பு என்று இருந்துவிடவும் முடியாது. மருந்து கட்டடத்துக்குள் இருந்தும் எந்த அலமாரியில் என்று வேறு பிரிவிலிருந்து வந்த ஊழியருக்குத் தெரியாவிட்டால், அது இல்லாததற்குச் சமம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், போலி அறுவை அரங்கில் நெருக்கடிகளை உருவாக்கிப் பார்த்தார்கள்: சரிபார்ப்புப் பட்டியல் கையில் இருந்த குழுக்கள் உயிர்காக்கும் படிகளில் 6 விழுக்காட்டையும், நினைவை மட்டும் நம்பியவர்கள் 23 விழுக்காட்டையும் தவறவிட்டார்கள். பட்டியலைச் சுவரில் தொங்கவிட்டு, அடிக்கடி ஒத்திகை பார்க்கும் சிறிய மையம், அதைச் செய்யாத பெரிய மருத்துவமனையை முந்திவிடக்கூடும்.

மருத்துவரின் ஆலோசனை அறையிலேயே ஆழ்ந்த மயக்கம் கொடுத்துச் செய்யும் மூன்றாவது வழியும் உண்டு. வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவியும், மயக்கத்தை மட்டுமே கவனிக்கும் ஒருவரும் இல்லாத அறையை நான் ஏற்கமாட்டேன்.

கடும் இதய நோய், கட்டுக்குள் வராத உறக்க மூச்சுத்தடை உள்ளவர்கள் மருத்துவமனையையே நாட வேண்டும். மற்றவர்கள் தனி மையத்துக்குத் தாராளமாகப் போகலாம். போகுமுன், நெருக்கடி ஏற்பட்டால் தங்களை ஏற்றுக்கொள்ள எந்த மருத்துவமனையோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் உள்ளது, கடைசி ஒத்திகை எப்போது நடந்தது என்ற இரண்டையும் கேட்டுவிட வேண்டும்.