டயல்களா, எழுத்துகளா, சட்டகமா? விமானி அறைப் படத்தை வைத்துப் பழைய போர் விமானத்தை இனங்காணுதல்

இறக்கையும் வாலும் பதிவெண்ணும் படத்தின் எல்லைக்கு வெளியே போய்விட, விமானி உட்காரும் அறை மட்டும் பதிவான பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால், அது எந்த விமானம் என்று தேட மூன்று வழிகள் உண்டு. எதிரே உள்ள டயல்களைப் பார்க்கலாம். பலகையில் ஒட்டியுள்ள பெயர்த் தகடுகளை வாசிக்கலாம். இல்லையென்றால் இருக்கையைச் சுற்றியுள்ள சட்டகத்தையும் கைப்பிடிகளையும் ஆராயலாம். பெரும்பாலோர் முதல் வழியில்தான் தொடங்குகிறார்கள். ஏமாறுவதும் அதில்தான் என்பது என் முடிவு.

பிரிட்டிஷ் விமானங்களை எடுத்துக்கொள்வோம். வேகமானி, செயற்கை அடிவானம், ஏற்ற இறக்கமானி ஆகியவை மேல் வரிசையிலும், உயரமானி, திசைகாட்டும் சுழலி, திருப்பமானி ஆகியவை கீழ் வரிசையிலுமாக ஆறு கருவிகள் கொண்ட ஒரே பலகையை 1937இல் பிரிட்டிஷ் விமானப் படை பொது அமைப்பாக ஏற்றது. ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் விமானியின் கண் தேட வேண்டியதில்லை என்பதே அதன் பயன். அந்த நல்ல நோக்கமே இன்று படம் பார்ப்பவருக்குத் தடையாகிறது: ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், மொஸ்கிட்டோ, நான்கு எஞ்சின் கொண்ட லங்காஸ்டர் என எல்லாவற்றிலும் நடுவே இருப்பது அதே ஆறு டயல்கள்தாம். போதாக்குறைக்கு, ஒளிர்வதற்காக ரேடியம் பூசப்பட்ட பழைய டயல்களைப் புதுப்பிப்பவர்கள் கழற்றி மாற்றிவிடுவதும், இன்றும் பறக்கும் விமானங்களில் புதிய வானொலிப் பெட்டிகள் வந்து அமர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே டயல்கள் நாட்டையும் காலத்தையும் தோராயமாகச் சொல்லும். விமானத்தின் பெயரைச் சொல்லாது.

சட்டகம் அப்படியல்ல. ஹரிக்கேனின் உடல் எஃகுக் குழாய்களை முடுக்கிக் கட்டிய கூடு. இருக்கையின் இரு பக்கமும் அந்தக் குழாய்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடுவதைப் படத்திலேயே காணலாம். ஸ்பிட்ஃபயரின் உடலோ தகடே வலுவைத் தாங்கும்படி அமைந்தது. அங்கே குழாய்ப் பின்னலுக்குப் பதில் தகட்டுச் சுவரும் அதில் வளைந்தோடும் விலாச் சட்டங்களும் தெரியும். இடப் பக்கம் கீழ்நோக்கி மடியும் சிறு கதவும், பல படங்களில் அந்தக் கதவின் உட்புறத்தில் செருகி வைத்த சிறு கடப்பாரையும் ஸ்பிட்ஃபயரைக் காட்டிக் கொடுத்துவிடும். ஹரிக்கேனின் வலப் பக்கச் சுவரில், சக்கரங்களையும், ஃபிளாப் எனப்படும் இறக்கை மடலையும் ஒரே நெம்புகோலால் இயக்குவதற்காக 'எச்' எழுத்தின் வடிவில் வெட்டிய தகடு இருக்கிறது. இரண்டிலும் கட்டுப்பாட்டுத் தண்டின் உச்சியில் வட்ட வளையப் பிடி இருப்பதால், வளையத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது தவறு. இரட்டை இறக்கை கொண்ட கிளாடியேட்டரிலும் அதே வகைப் பிடிதான். டெல்லியில் பாலம் என்ற பகுதியிலுள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் இரண்டும் இருப்பதால், இந்த வேறுபாடு நம் நாட்டு ஆர்வலர்களுக்கு எட்டாத விஷயமல்ல.

மொஸ்கிட்டோவில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். குண்டு வீசும் வகைக்குக் கையில் பிடிக்கச் சக்கரமும் முன்னே ஆப்பு வடிவக் கண்ணாடியும். சண்டையிடும் வகைக்குத் தண்டும் தட்டையான கண்ணாடியும். ஒரே படத்தில் விமானத்தின் பெயரும் அதன் வகையும் கிடைத்துவிடுகின்றன.

ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐக் காட்டுபவை இடப் பக்கச் சுவரில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரண்டு பெரிய கைச் சக்கரங்கள். ஒன்று ஃபிளாப்பை இறக்க, மற்றது வால் இறக்கையின் கோணத்தை மாற்ற. இரண்டையும் ஒரே கையால் சேர்த்துச் சுழற்றும்படி வைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி கனத்த சட்டங்களுடன், பெட்டி மூடியைப் போல வலப் பக்கமாகத் திறக்கும். ஆனால் சட்டகமும் தடுமாறும் இடம் இதுதான்: ஸ்பெயினில் அதே உடலில் பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சினைப் பொருத்திக் கட்டிய புச்சோன், உள்ளிருந்து பார்த்தால் 109 போலவே இருக்கும். 1969இல் வெளிவந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' திரைப்படத்தில் ஜெர்மனியின் 109களாகப் பறந்தவை இந்தப் புச்சோன்களே. ஜெர்மன் எஞ்சின் தலைகீழாக அமைந்ததால் புகைக்குழல்கள் மூக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும். மெர்லினில் அவை மேலே வரும். முன்கண்ணாடிக்கு அப்பால் எஞ்சின் மூடியின் ஓரம் சற்றே பதிவாகியிருந்தால் அந்த ஒன்று போதும். அது இல்லாவிட்டால் தகடுகளிலுள்ள ஸ்பானிய மொழி கைகொடுக்கும்.

எழுத்துகளின் மதிப்பு, ஒரு நாட்டின் விமானத்தை இன்னொரு நாடு உரிமம் பெற்றுக் கட்டும் இப்படிப்பட்ட இடங்களில்தான் உயர்கிறது. சோவியத் போர் விமானமான மிக்-15 போலந்தில் லிம்-1, லிம்-2 என்றும், செக்கோஸ்லோவாக்கியாவில் எஸ்-102, எஸ்-103 என்றும் கட்டப்பட்டது. விமானம் சுழன்று விழும்போது தண்டை எங்கே தள்ளுவது என்று காட்டப் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக இழுத்த வெள்ளைக் கோடு, சோவியத் குடும்பம் என்பதைச் சட்டென்று காட்டும். ஆனால் அந்தக் கோடு மிக்-21 வரைக்கும் தொடர்ந்ததால், குடும்பத்துக்கு மேல் அது எதையும் சொல்லாது. தகடுகளில் ரஷ்ய எழுத்துக்குப் பதில், குறுக்குக் கோடு போட்ட 'எல்' தெரிந்தால் போலந்தை நினைக்கலாம். அதிலும் கவனம் வேண்டும்: விமானத்தை வாங்கிய நாடு, விற்ற நாட்டின் மொழியில் இருந்த எழுத்துகளைத் தன் மொழிக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கக்கூடும், எனவே தகடு, விமானத்தைக் கட்டியவரைவிட ஓட்டியவரைக் காட்டுவதாகவும் இருக்கலாம்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது இரு பக்கச் சுவர்கள், அடுத்துக் கண்ணாடிச் சட்டம், அதன் பின்பே தகடுகள். டயல்களுக்குக் கடைசி இடம்தான். படம் வைத்திருப்பவரிடம் இன்னும் ஒரே ஒரு படம் கேட்கலாம் என்றால், விமானியின் முழங்கால்களுக்குப் பக்கத்தில், இடமும் வலமும் தெரியும்படி எடுத்ததைத்தான் கேட்பேன்.